8 ஜிகாபைட் இருந்தும் ‘நினைவகம் இல்லை’: ஏன்?

கணினியில் 8 ஜிகாபைட் நினைவகம் இருக்கிறது. அதில் பாதிகூடப் பயன்பாட்டில் இல்லை. ஆனால், கேமராவை இணைத்துப் படம் எடுக்கத் தொடங்கியதும் ‘நினைவகத்தை ஒதுக்க முடியவில்லை’ என்று திரையில் செய்தி வருகிறது. கேமராவை மாற்றினாலும் கம்பியை மாற்றினாலும் அதே செய்திதான்.

லினக்ஸ் இயங்குதளத்தில், ஆய்வுக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் பயன்படும் உயர்வேக யூஎஸ்பி கேமராக்களை இணைப்பவர்கள் பலர் சந்தித்த புதிர் இது. பழுது கேமராவில் இல்லை. இயங்குதளத்தின் உள்ளே இருக்கும் ஓர் எண்தான் காரணம். அந்த எண் 16.

நடுவில் நிற்பவர் யார்?

நாம் எழுதும் நிரல்கள் கணினியின் வன்பொருளை நேரடியாகத் தொட முடியாது. நினைவகம், வட்டு, யூஎஸ்பி எதுவாக இருந்தாலும் ‘கெர்னல்’ எனப்படும் இயங்குதளத்தின் மையப் பகுதியிடம்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு கருவியோடும் பேசத் தெரிந்த பகுதிக்கு ‘டிரைவர்’ என்று பெயர்.

சாதாரண வெப்கேமுக்குக் கெர்னலிலேயே தனி டிரைவர் உண்டு. ஆய்வுக்கூடக் கேமராக்கள் பலவற்றுக்கு அப்படி இல்லை. அவற்றின் நிரல்கள் ‘யூஎஸ்பிஎஃப்எஸ்’ என்ற பொதுவான வழியாகக் கருவியோடு பேசுகின்றன. அப்போது கேமரா அனுப்பும் தரவு முதலில் கெர்னல் ஒதுக்கும் தற்காலிக இடத்தில் வந்து இறங்கும். இந்த இடத்தை ‘பஃபர்’ என்பார்கள்.

எல்லாப் பஃபர்களும் சேர்ந்து 16 மெகாபைட்டைத் தாண்டக்கூடாது என்பதுதான் அந்த வரம்பு. நிரல் ஒவ்வொரு முறை இடம் கேட்கும்போதும், ஏற்கெனவே கொடுத்த அளவோடு புதிய அளவைக் கெர்னல் கூட்டிப் பார்க்கிறது. வரம்பைத் தாண்டினால் கோரிக்கையை மறுத்துவிடுகிறது. வேலை முடிந்து பஃபர் திரும்பி வந்ததும் அந்த அளவைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்கிறது.

16 மெகாபைட் போதாதா?

கணக்கிட்டுப் பார்ப்போம். 5 மெகாபிக்சல் கறுப்பு வெள்ளைக் கேமராவில் ஒரு பிக்சலுக்கு ஒரு பைட் என்று கொண்டால், ஒரு படம் சுமார் 5 மெகாபைட். நொடிக்கு 30 படங்கள் என்றால் 150 மெகாபைட் தரவு வந்துகொண்டே இருக்கும்.

நிரல் ஒரு படத்தை ஆராய்ந்துகொண்டிருக்கும்போது அடுத்த படம் வந்துவிடும். அது இறங்க இடம் வேண்டும். அதனால் மூன்று நான்கு பஃபர்களையாவது தயாராக வைத்திருப்பார்கள். மூன்று பஃபர்களுக்கு 15 மெகாபைட், எப்படியோ சமாளிக்கலாம். நான்காவதைக் கேட்டால் 20 ஆகிவிடும். கெர்னல் மறுத்துவிடும். அதே கணினியில் இரண்டாவது கேமராவையும் இணைத்தால் நிலைமை இன்னும் மோசம். ஏனென்றால், இந்த 16 ஒரு கேமராவுக்கு மட்டும் உரியதன்று. இந்த வழியைப் பயன்படுத்தும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானது.

பிறகு ஏன் வரம்பு?

உணவங்காடி நிலையத்தில் மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே குழு எல்லா மேசைகளிலும் பொட்டலம் வைத்துவிட்டால் என்ன ஆகும்? மேசைகள் காலியாகத் தெரியும். ஆனால், தட்டோடு வருபவர்கள் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும்.

கெர்னல் ஒதுக்கும் பஃபரும் அப்படிப்பட்டதுதான். நினைவகம் நெருக்கடியாகும்போது, சாதாரண நிரல்களின் தரவைக் கெர்னல் வட்டுக்கு மாற்றி இடம் உண்டாக்க முடியும். தன் சொந்தப் பஃபர்களை அப்படி மாற்ற முடியாது. வரம்பே இல்லையென்றால், பிழையுள்ள ஒரு நிரலோ தீய நோக்கம் கொண்ட ஒருவரோ நினைவகம் முழுவதையும் பிடித்துக்கொண்டு கணினியையே முடக்கிவிடலாம்.

ஒரே எண் எல்லாருக்கும் பொருந்துமா?

முன்பு இந்த வழியில் மொத்தமாகத் தரவை அனுப்பும்போது, ஒரு கோரிக்கைக்கு 16 கிலோபைட் மட்டுமே கேட்க முடியும். நம் 5 மெகாபைட் படத்துக்கு 300க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் தேவைப்படும்! 2012இல் வெளிவந்த லினக்ஸ் 3.3 பதிப்பில் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கி, எல்லாவற்றுக்கும் சேர்த்து 16 மெகாபைட் என்ற மொத்த வரம்பைக் கொண்டுவந்தார்கள்.

ஆனால், இங்கே ஒரு சிக்கல். லினக்ஸ் சிறிய ரௌட்டரிலும் இயங்குகிறது. நூற்றுக்கணக்கான ஜிகாபைட் கொண்ட சர்வரிலும் இயங்குகிறது. ஒன்றுக்குப் பொருந்தும் எண் மற்றொன்றுக்குப் பொருந்தாது. எண்ணை நிரலுக்குள் நிலையாக எழுதிவிட்டால், அதை மாற்றக் கெர்னல் முழுவதையும் மறுபடி கட்டமைக்க வேண்டும். ஒரு கேமராவுக்காக எத்தனை பேர் அதைச் செய்வார்கள்?

ஆகவே, நிலையான எண்ணாக இருந்த 16, மாற்றக்கூடிய அமைப்பாக ஆக்கப்பட்டது. யாரும் எதுவும் செய்யாவிட்டால் 16தான். கணினியின் நிர்வாகி விரும்பினால், இயங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு கோப்பில் புதிய எண்ணை எழுதலாம். கணினியை மறுபடி தொடக்கினால் பழைய எண்ணே திரும்பிவிடும். நிரந்தரமாக வேண்டுமானால், கணினி தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில் அதைச் சேர்க்க வேண்டும்.

அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எழுதும் உரிமை நிர்வாகிக்கு மட்டுமே. இது முக்கியம். நிரல்களே தங்கள் வரம்பை உயர்த்திக்கொள்ள முடிந்தால் வரம்பு என்பதற்குப் பொருளே இல்லையே!

எவ்வளவு உயர்த்தலாம்?

சில கேமராக்களின் கையேடுகள் 1000 மெகாபைட் என்று அமைக்கச் சொல்கின்றன. வரம்பை உயர்த்தியவுடன் அவ்வளவு இடமும் பறிபோய்விடாது. அது உச்ச அளவு மட்டுமே. நிரல் கேட்டால்தான் நினைவகம் செலவாகும். ஆனாலும் 1 ஜிகாபைட் நினைவகம் மட்டுமே உள்ள சிறிய ராஸ்பெரி பை பலகையில் 1000 என்று எழுதினால் என்ன பொருள்? கிட்டத்தட்ட எல்லா மேசைகளையும் ஒரே குழு பிடித்துக்கொள்ள அனுமதிக்கிறோம் என்று பொருள்.

சரியான வழி கணக்கிடுவதுதான்: ஒரு படத்தின் அளவு, பஃபர்களின் எண்ணிக்கை, கேமராக்களின் எண்ணிக்கை மூன்றையும் பெருக்குங்கள். நம் எடுத்துக்காட்டில் இரண்டு கேமராக்களுக்கு 5 × 4 × 2 = 40. கொஞ்சம் கூடுதலாக 64 என்று வைத்தால் போதும்.

அடுத்த முறை உங்கள் ரோபோ மன்றத்தில் ஏதாவது கருவி ‘நினைவகம் இல்லை’ என்று சொன்னால், உடனே புதிய நினைவகம் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். இடம் உண்மையிலேயே தீர்ந்துவிட்டதா, அல்லது யாரோ நல்ல காரணத்துக்காக வைத்த வரம்பு குறுக்கே நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.