பல் பிடுங்கிய குழியில் எலும்பு வளர்ப்பது எப்படி?

பல் பிடுங்கிச் சில நாட்களில் வலி போய்விடும். சில கிழமைகளில் முரசும் மூடிக்கொள்ளும். முரசுக்கு அடியில் நடப்பது மட்டும் கண்ணுக்குத் தெரியாது. பல்லைத் தாங்கவென்றே இருந்த எலும்புக்கு இனி வேலையில்லை என்று உடம்பு அதைக் கரைக்கத் தொடங்கும். முதல் ஆறு மாதத்தில் அகலத்தில் ஏறக்குறைய 4 மில்லிமீற்றரும் உயரத்தில் 1 மில்லிமீற்றருக்குச் சற்று மேலும் குறைந்துவிடுகிறது. கல்லாற்றில் ஒரு அம்மம்மாவோ காத்தான்குடியில் ஒரு உம்மம்மாவோ “கட்டுப்பல் நிக்குதில்ல, ஆடுது” என்று சொன்னால், பெரும்பாலும் பல் செட்டில் பிழையிருக்காது. அது உட்கார வேண்டிய மேடு தேய்ந்திருக்கும். டைட்டேனியம் திருகை எலும்பில் இறக்கிப் பல் கட்டும் ‘இம்பிளான்ட்’ முறைக்கும் அந்த மேடு வேண்டும்.

தேய்ந்ததைத் திரும்ப வளர்க்கலாம். ஆனால் எந்த வைத்தியரும் எலும்பை வார்த்து ஊற்றுவதில்லை. வளர்ப்பது உடம்புதான். வைத்தியம் அதற்கு இடத்தையும் காவலையும் கட்டளையையும் தருகிறது.

இடம் என்றால் என்ன? பல் பிடுங்கியதும் குழியில் இரத்தம் உறைகிறது. அந்த உறைவுக்குள்தான் உயிரணுக்கள் ஏறி வந்து எலும்பு கட்டும். அன்றைக்கு வாயை வேகமாகக் கொப்பளிக்க வேண்டாம் என்று பல் வைத்தியர் திரும்பத் திரும்பச் சொல்வது அதைக் காக்கத்தான். குழி பெரிதானால் உறைவு மட்டும் போதாது, உள்ளே ஏதாவது நிரப்ப வேண்டும். வாவிக்கரைக் கண்டல் மரங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வேர்களுக்கிடையில் நீர் ஓட்டம் தணிந்து சேறு படியும். மெல்ல மெல்லக் கரை உயரும். நிரப்பும் பொருளின் வேலையும் இதுதான். அதில் ஒன்றோடொன்று தொடுத்த நுண்துளைகள் இருக்க வேண்டும். துளை வழியே முதலில் இரத்தக் குழாயும் பின்னால் எலும்பும் வரும்.

முதல்தரமான நிரப்பு நம் சொந்த எலும்புதான். நாடியிலிருந்தோ இடுப்பிலிருந்தோ வெட்டி எடுப்பார்கள். குறை என்னவென்றால், வெட்டிய இடத்திலும் ஒரு காயம். அதனால் வேறு வழிகளும் உண்டு. இறந்தவர்கள் தானம் செய்த எலும்பைப் பதப்படுத்தி, கதிர்வீச்சால் கிருமி நீக்கித் தரும் மனிதத் திசு வங்கி 1996இல் கொழும்பில் தொடங்கியது. கண்தான இயக்கத்தை வளர்த்த ஹட்சன் சில்வாவின் முயற்சி அது. அடுத்தது, புரதம் நீக்கிய மாட்டெலும்பு. பிறகு, ஆலையில் செய்யும் கல்சியம் பொஸ்பேற்று. முருகைக்கல்லும் உண்டு. அதன் உள்ளமைப்பு எலும்பின் துளைகளைப் போலவே இருப்பதால், வெப்பத்திலும் அழுத்தத்திலும் அதை எலும்புக் கனிமமாகவே மாற்றலாம் என்று 1974இல் அமெரிக்காவில் டெல்லா ரோய் காட்டினார். கல்குடாப் பக்கம் ஒருகாலம் சுண்ணாம்புக்காக உடைக்கப்பட்ட முருகைக்கல்லுக்கு இப்படியும் ஒரு பயன்! (அதற்காக யாரும் கடலில் இறங்கிவிட வேண்டாம். உடைப்பது சட்டப்படி குற்றம்.)

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிரப்பு மாட்டிலிருந்து வந்திருக்கலாம். மேலே மூடும் கொலாஜன் சவ்வு பன்றியிலிருந்து வந்திருக்கலாம். சமய நம்பிக்கையால் எங்கள் பகுதியில் இது சிறிய விசயமில்லை. சிகிச்சைக்கு முன்பே “இது எதிலிருந்து எடுத்தது?” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. செயற்கைப் பொருளும் இருக்கிறது.

காவல் என்றது அந்தச் சவ்வைத்தான். முரசு எலும்பைவிட வேகமாக வளரும், விட்டால் குழிக்குள் இறங்கி இடத்தைப் பிடித்துவிடும். எலும்பு உள்ளே முற்றும்வரை சவ்வு வேலியாக நிற்கும்.

இனிக் கட்டளை. 1965இல் லொஸ் ஏஞ்சலிஸில் மார்ஷல் யூரிஸ்ற் என்ற எலும்பு வைத்தியர் அமிலத்தால் கனிமம் நீக்கிய எலும்புத் துண்டுகளை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். எலும்பே இருக்கக்கூடாத அந்தத் தசையில் புதிய எலும்பு முளைத்தது! அந்தத் துண்டுகளில் தங்கியிருந்த புரதமே காரணம். அதன் குடும்பத்துக்குப் பி.எம்.பி. என்று பெயர். பல வகையாக மாறக்கூடிய இள உயிரணுவிடம் ‘எலும்பாகு’ என்று சொல்லும் புரதம் அது. பி.டி.ஜி.எப். என்ற வேறொன்று உயிரணுக்களைக் காயத்துக்கு அழைத்து வந்து பெருக்கும். இவ்வாறானவற்றைத்தான் வளர்ச்சிக் காரணிகள் என்கிறோம். ஆய்வுகூடத்தில் தயாரித்த பி.டி.ஜி.எப். முரசு நோயால் கரைந்த எலும்புக்கென 2005இலும், கொலாஜன் பஞ்சில் நனைத்த பி.எம்.பி.-2 தாடைக்கென 2007இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. விலை மிக அதிகம். முகம் பெரிதாக வீங்கவும் கூடும்.

எனக்கு நம்பிக்கை தருவது இன்னொரு எளிய முறை. 2001இல் பிரான்சில் ஜோசப் ஷுக்ரூன் கொண்டுவந்தது, பெயர் பி.ஆர்.எப். நோயாளியின் கையிலிருந்து 10 மில்லிலீற்றர் குழாய்களில் இரத்தம் எடுத்து, உறையாமலிருக்க எதையும் சேர்க்காமல் உடனே சுமார் 10 நிமிடம் சுழற்றுவார்கள். சிவப்பு அடியில் தங்கும். நடுவில் மஞ்சள் வெண்மையாக ஒரு களி திரளும். குருதிச் சிறுதட்டுகள் நிறைந்த அந்தக் களி, வளர்ச்சிக் காரணிகளைப் பல நாட்களுக்கு மெதுவாகக் கசியவிடும். அதைக் குழியில் வைத்துத் தைப்பார்கள். முரசு ஆறுவதற்கு இது நன்றாக உதவுகிறது. தனியே வைத்தால் பெரிய எலும்பு வளராது, நிரப்போடு கலக்க வேண்டும். ஆனாலும் சொந்த இரத்தமும் ஒரு சுழற்சி இயந்திரமும் போதும் என்பது மாவட்ட வைத்தியசாலைகளுக்குப் பெரிய விசயம்.

பாக்கும் புகையிலையும் மெல்லும் ஊர்களில் தாடையெலும்பை இழக்க வாய்ப் புற்றுநோயும் ஒரு பெரிய காரணம். கட்டி எடுத்த இடத்தில் பி.எம்.பி. வைக்கக்கூடாது. வளரச் சொல்லும் கட்டளை, மிச்சமிருக்கும் புற்றணுவின் காதிலும் விழலாம். அங்கே வழக்கமான சத்திரசிகிச்சை, கீழ்க்காலின் மெல்லிய வெளியெலும்பை இரத்தக் குழாயோடு எடுத்துத் தாடையாக வளைத்துப் பொருத்துவது. விதிவிலக்காக, ஜெர்மனியின் கீல் நகரில், புற்றுநோயால் தாடை இழந்து எட்டு ஆண்டுகள் கடந்த ஒருவருக்கு, டைட்டேனியக் கூட்டில் எலும்புக் கனிமமும் அவருடைய எலும்பு மச்சையும் பி.எம்.பி.-7உம் வைத்து, முதுகுத் தசைக்குள் ஏழு கிழமை வளர்த்துப் பின் முகத்தில் பொருத்தினார்கள். 2004இல் வெளியான அந்தச் செய்தியில், அவர் மீண்டும் கடித்துச் சாப்பிட்டார் என்றிருந்தது.

வாயில் கதிர்ச்சிகிச்சை பெறப்போகிறவர்கள், அது தொடங்குமுன் பல் வைத்தியரைப் பாருங்கள். கதிர் பட்ட தாடையில் இரத்தக் குழாய்கள் அருகிவிடும். அதன்பின் பிடுங்கும் குழி ஆறாமலே கிடந்து எலும்பு செத்துப்போகலாம். பிடுங்க வேண்டிய பல்லை முன்னமே பிடுங்கி, ஆற இரண்டு கிழமையாவது கொடுக்க வேண்டும்.