தாத்தாவோட ராணுவ மெடலை எந்தப் பக்கம் குத்தணும்? பலரும் செய்யும் தவறுகள் என்னென்ன?

தேனி மாவட்டம் கோம்பை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், உத்தமபாளையம் தாலுகாவில் இருக்கும் பேரூராட்சி. நாட்டு நாய் இனத்துக்குப் பேர்போன ஊர். இங்கும் சரி, கம்பம் பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களிலும் சரி, 'பட்டாளத்துக்காரர் வீடு' என்று சொன்னாலே வழி காட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால், பென்ஷன் காகிதங்களுக்கு நடுவே துணியில் சுற்றிய பதக்கங்கள் கிடைக்கும்.

ஆகஸ்ட் 15 வந்தால் அவை வெளியே வரும். பள்ளி விழாவுக்குப் போகும் பேரன், தாத்தாவின் மெடலை எடுத்துச் சட்டையின் இடது பக்கம் குத்திக்கொள்வான். பாட்டிக்குக் கண் கலங்கும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைப்பார்கள்.

ஆனால் அந்தப் போட்டோவைப் பார்க்கும் இன்னொரு ராணுவ வீரருக்கு அது வேறு செய்தியைச் சொல்லும். காரணம், பதக்கம் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்த வரிசையில் இருக்கிறது, ரிப்பனில் எந்த நிறம் எந்தப் பக்கம் வருகிறது என்பது எல்லாவற்றுக்கும் ஒரு பொருள் உண்டு.

இடது மார்பா, வலது மார்பா?

இடது மார்பு என்பது பதக்கம் வாங்கியவருக்கு மட்டுமே உரிய இடம். அங்கே குத்தினால் 'இது நான் சம்பாதித்தது' என்று பொருள். அதனால்தான் குடும்பத்தினர் இடது பக்கம் அணிவது தவறு என்கிறார்கள்.

அப்படியானால் குடும்பத்தினர் அணியவே கூடாதா? அணியலாம். மறைந்த வீரர்களின் பதக்கங்களை, போர் நினைவிடங்களில் நடக்கும் அஞ்சலி நிகழ்ச்சிகளில் நெருங்கிய உறவினர்கள் வலது மார்பில் அணிந்துகொள்ள இந்திய ராணுவம் அனுமதி தந்திருக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ஏப்ரல் 25 அன்று ஆன்சாக் தினம் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று பேரன் பேத்திகள் வலது மார்பில் பதக்கத்துடன் நடப்பதைப் பார்க்கலாம். 'இது என் குடும்பத்தவர் சம்பாதித்தது' என்பதே அதன் பொருள்.

குடியரசுத் தலைவர் மாளிகையில் நடக்கும் விருது விழாவிலும் இந்த வித்தியாசம் தெரியும். உயிரோடு இருக்கும் வீரருக்குக் குடியரசுத் தலைவர் பதக்கத்தை மார்பில் குத்திவிடுவார். வீரமரணம் அடைந்தவர் என்றால், பதக்கம் குடும்பத்தினர் கையில் தரப்படும். 2020-ல் கல்வான் மோதலில் உயிரிழந்த ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. 2021 நவம்பரில் அதை அவருடைய மனைவி அப்படித்தான் பெற்றுக்கொண்டார்.

வரிசை எங்கிருந்து தொடங்குகிறது?

ஒன்றுக்கு மேற்பட்ட பதக்கங்கள் இருந்தால், உயர்ந்தது சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் வர வேண்டும். அதற்கு அடுத்தடுத்தவை இடது தோளை நோக்கிப் போகும். எதிரே நின்று பார்ப்பவருக்கு இடமிருந்து வலமாகப் படிப்பது போல இருக்கும்.

எது உயர்ந்தது என்பதை வாங்கிய தேதி முடிவு செய்வதில்லை. அரசு வகுத்த முன்னுரிமைப் பட்டியல்தான் முடிவு செய்கிறது. போர்க்கள வீரத்துக்கான விருதுகளில் பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா என்பது வரிசை. எதிரியோடு நேரடிப் போர் அல்லாத சூழலில் காட்டும் வீரத்துக்கு அசோக் சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. அதன் பிறகு சேனா மெடல் போன்றவை. போரில், களப்பணியில் பங்கேற்றதற்கான பதக்கங்கள் அதற்கும் கீழே வரும். நீண்ட சேவைக்கான 30, 20, 9 ஆண்டுப் பதக்கங்கள் இன்னும் பின்னால்.

ஐ.நா. அமைதிப்படைப் பதக்கம் பார்க்கப் பளிச்சென்று இருக்கும். அதனால் சிலர் அதை முதலில் வைத்துவிடுவார்கள். அது தவறு. நம் நாட்டுப் பதக்கங்களுக்குப் பிறகுதான் அதற்கு இடம்.

ரிப்பனைத் திருப்பி மாட்டினால் என்ன ஆகும்?

அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். பரம் வீர் சக்ராவின் ரிப்பன் முழுவதும் ஊதா. எப்படி மாட்டினாலும் ஒன்றுதான். ஆனால் மகா வீர் சக்ராவின் ரிப்பன் பாதி வெள்ளை, பாதி காவி. வீர் சக்ரா பாதி கருநீலம், பாதி காவி. இரண்டிலுமே காவி நிறம் இடது தோள் பக்கம் வர வேண்டும் என்பது விதி. பழைய ரிப்பன் நைந்துபோய் புதிதாக மாற்றும்போது, தையல்காரர் தெரியாமல் திருப்பித் தைத்துவிடுவதும் உண்டு.

தாத்தா இரண்டாம் உலகப் போருக்குப் போனவர் என்றால் '1939-45 ஸ்டார்' வீட்டில் இருக்கலாம். அதன் ரிப்பனில் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என மூன்று பட்டைகள் உண்டு. கருநீலம் கடற்படையையும், சிவப்பு தரைப்படையையும், வெளிர்நீலம் விமானப்படையையும் குறிக்கும். இதில் கருநீலம் மார்பின் நடுப்பக்கமும், வெளிர்நீலம் தோள் பக்கமும் வர வேண்டும்.

அசோக் சக்ரா குடும்பத்தில் வேறொரு குழப்பம். மூன்றுக்குமே பச்சை ரிப்பன், அதில் காவிக் கோடுகள். நினைவில் வைக்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. அசோக் சக்ராவுக்கு 1 கோடு, கீர்த்தி சக்ராவுக்கு 2, சௌர்ய சக்ராவுக்கு 3. கோடு கூடக்கூட விருதின் படிநிலை இறங்கும்.

ஒரு எச்சரிக்கை: செல்ஃபி எடுத்துச் சரிபார்க்காதீர்கள். பல போன்களின் முன்பக்க கேமரா கண்ணாடி போல இடம் வலம் மாற்றிக் காட்டும். சரியாக இருப்பது தவறாகவும், தவறு சரியாகவும் தெரியும். வேறொருவரைப் பின்பக்க கேமராவில் எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

முன்பக்கம் எது, பின்பக்கம் எது?

பதக்கமே திரும்பித் தொங்குவதும் சகஜம். பரம் வீர் சக்ராவின் முன்பக்கத்தில் நடுவே அரசுச் சின்னமும், சுற்றி நான்கு வஜ்ராயுத வடிவங்களும் இருக்கும். பின்பக்கத்தில் விருதின் பெயர் இந்தியிலும் ஆங்கிலத்திலும், இடையே தாமரைப் பூக்களும் இருக்கும். மகா வீர் சக்ரா, வீர் சக்ரா இரண்டின் முன்பக்கத்திலும் ஐந்து முனை நட்சத்திரம் உண்டு. ஆக, இந்த மூன்றில் எதிலாவது தாமரையும் எழுத்தும் வெளியே தெரிந்தால், திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த மூன்று விருதுகளும் 1950 ஜனவரி 26 அன்று ஏற்படுத்தப்பட்டவை. பரம் வீர் சக்ராவை வடிவமைத்தவர் சாவித்ரி கானோல்கர்.

மாட்டும்போது செய்யக் கூடாதவை என்ன?

• ஃபேன்சி ஸ்டோர் சாட்டின் ரிப்பனை வாங்கி மாட்டக் கூடாது. வீர விருதுகளின் ரிப்பன் சுமார் 32 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. நிறமும் நெசவும் அதற்கென்றே வரையறுக்கப்பட்டவை. ராணுவச் சீருடைப் பொருள் விற்கும் கடைகளில் சரியான ரிப்பன் கிடைக்கும்.

• பசை, ஸ்டேப்ளர் வேண்டவே வேண்டாம். ரிப்பனைத் துளைத்து சேஃப்டி பின் குத்தினாலும் நூல் பிரிந்துவிடும். எல்லாப் பதக்கங்களையும் ஒரே உலோகப் பட்டையில் வரிசையாகக் கோத்து, அந்தப் பட்டையைத்தான் உடையில் குத்த வேண்டும்.

• பதக்கங்களின் அடிப்பகுதி ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறலாம். ஆனால் உயர்ந்த பதக்கம் முழுசாகத் தெரிய வேண்டும்.

• தொங்கும் பதக்கத்தையும், அதே பதக்கத்தின் சின்ன ரிப்பன் பட்டையையும் ஒரே நேரத்தில் அணியக் கூடாது. ஒன்று இது, இல்லையென்றால் அது.

புளி போட்டுத் தேய்க்கலாமா?

கூடவே கூடாது. குத்துவிளக்கு போலப் பளபளக்கட்டும் என்று புளி, சாம்பல், பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்ப்பதுதான் திருத்தவே முடியாத தவறு.

பல பதக்கங்களின் விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கங்களிலும் இப்படி உண்டு. தாத்தாவின் சர்வீஸ் காகிதங்கள் தொலைந்துபோன வீட்டில், அவர் எந்த ரெஜிமென்ட் என்று சொல்ல மிஞ்சியிருப்பது அந்த விளிம்பு எழுத்து மட்டுமாக இருக்கலாம். வருஷா வருஷம் தேய்த்தால் அது மழுங்கிவிடும். ரிப்பனைத் திருப்பி மாட்டிவிட்டால் மறுபடி சரிசெய்துகொள்ளலாம். அழிந்த பெயரை மீட்க முடியாது.

எனவே, மெல்லிய பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும். ரிப்பனைத் தண்ணீரில் நனைக்க வேண்டாம், சாயம் இறங்கிவிடும். விளிம்பு எழுத்தை உடனே போட்டோ எடுத்து, ஒரு நோட்டிலும் எழுதி வைப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

தான் ராணுவ வீரர் என்று மற்றவர்களை நம்பவைக்கும் நோக்கத்தில் ராணுவ உடை அணிவதும், அடையாளச் சின்னம் வைத்துக்கொள்வதும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-வது பிரிவின்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அறியாமையால் மெடலை இடது பக்கம் குத்திய பேரனுக்கு இது பொருந்தாது. இங்கே ஏமாற்றும் நோக்கம்தான் முக்கியம்.

சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?

மாவட்டத் தலைநகரில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். பதக்கம் தொலைந்திருந்தாலோ, எது எந்தப் பதக்கம் என்று தெரியாவிட்டாலோ, அந்த வீரரின் படைப்பிரிவுக்கான பதிவு அலுவலகத்துக்கு எழுதுவதற்கான வழியையும் அங்கே கேட்கலாம். போகும்போது டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, சர்வீஸ் எண் என எது இருக்கிறதோ அதை எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்த முறை டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போது முதலில் விளிம்பைப் படியுங்கள், பிறகு ரிப்பனின் நிறத்தைப் பாருங்கள். நினைவிடத்தில் அஞ்சலி செலுத்தப் போகிறீர்கள் என்றால், தாத்தாவின் மெடல் உங்கள் வலது மார்பில் இருக்கட்டும். இடது பக்கம் அவருடையது.