எட்டு வாரம் தீர்மானிக்கும் பேறுகால ஊதியம்

முதுகுத்தண்டு சிகிச்சைக்காகவோ மனச்சோர்வுக்காகவோ மாதக்கணக்கில் விடுப்பில் இருக்கும் பெண்ணுக்குக் கரு தங்குகிறது. வீட்டில் சந்தோஷம்தான். ஆனால், கூடவே ஒரு கவலையும் வரும்: ‘வேலைக்கே போகவில்லையே, மெட்டர்னிட்டி பே கிடைக்குமா?’

பிரிட்டனில் செவிலியர்களாகவும், முதியோர் இல்லப் பராமரிப்பாளர்களாகவும், கடை ஊழியர்களாகவும் தமிழ்ப் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கேள்விக்கான விடையைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஆறு மாதம் கடந்துவிட்டால் திருத்திக்கொள்ள வழியில்லை.

விடுப்பு உண்டு, ஊதியம்?

ஊழியராக இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் அங்கே 52 வார மகப்பேறு விடுப்பு உண்டு. நோய் விடுப்பில் இருப்பதால் அந்த உரிமை போய்விடாது. ஊதியத்துக்குத்தான் நிபந்தனைகள். பிரசவ வாரத்துக்கு 15 வாரம் முன்புவரை, அதே நிறுவனத்தில் தொடர்ந்து 26 வாரமாவது பணியில் இருந்திருக்க வேண்டும். நோய் விடுப்பு நாள்களும் இதில் பணிக்காலமாகவே சேரும்.

அடுத்த நிபந்தனைதான் காலை வாருகிறது. அந்த 15ஆம் வாரத்தை ஒட்டி முடியும் எட்டு வாரங்களில் பிடித்தங்களுக்கு முன் வழங்கப்பட்ட சம்பளத்தின் சராசரியை எடுப்பார்கள். ஏறத்தாழ கர்ப்பத்தின் 18ஆம் வாரத்திலிருந்து 25ஆம் வாரம்வரையிலான காலம் அது. 2025-26 நிதியாண்டில் இந்தச் சராசரி வாரத்துக்கு 125 பவுண்டாவது இருக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டில் அரசு நிர்ணயித்த நோய்க்கால ஊதியமோ வாரத்துக்கு 118.75 பவுண்டு. அதுவும் 28 வாரத்தோடு நின்றுவிடும். அதை மட்டுமே வாங்கியவர், ஆறே கால் பவுண்டு குறைவால் மகப்பேறு ஊதியத்தை இழந்தார்.

மூன்று பெண்கள், ஒரே சம்பளம்

2025-26 கணக்குப்படி, வாரம் 400 பவுண்டு சம்பளம் வாங்கும் மூன்று பெண்களை எடுத்துக்கொள்வோம். முதல் பெண் ஆரோக்கியமாக வேலை பார்க்கிறார். ஆறு வாரத்துக்குச் சராசரியில் 90 சதவீதமான 360 பவுண்டு, மீதி 33 வாரத்துக்கு 187.18 பவுண்டு என மொத்தம் 8,337 பவுண்டு பெறுவார்.

இரண்டாம் பெண்ணுக்கு அந்த எட்டு வாரமும் அரசு நிர்ணயித்த நோய்க்கால ஊதியம் மட்டுமே. மகப்பேறு ஊதியத்தை நிறுவனம் தர மறுக்கும். அவர் அரசிடம் ‘மெட்டர்னிட்டி அலவன்ஸ்’ கேட்கலாம். பிரசவ வாரத்துக்கு முந்தைய 66 வாரங்களில் 26 வாரம் வேலையில் இருந்து, ஏதேனும் 13 வாரம் தலா 30 பவுண்டுக்குக் குறையாமல் சம்பாதித்திருந்தால் போதும். அதிகம் சம்பாதித்த 13 வாரங்களை வைத்தே கணக்கிடுவதால், அவற்றில் முழுச் சம்பளம் வாங்கியிருந்தால் 39 வாரமும் 187.18 வீதம் 7,300 பவுண்டு வரும்.

மூன்றாம் பெண்ணுக்கு நிறுவனம் பாதிச் சம்பளமாக 200 பவுண்டு தருகிறது. அவருடைய சராசரி தகுதி வரம்பைத் தாண்டிவிடும். ஆனால் 90 சதவீதம் என்றால் 180 பவுண்டுதான். 39 வாரத்துக்கு 7,020 பவுண்டு. நிறுவன ஊதியத்துக்குத் தகுதி பெற்றவர் அரசின் அலவன்ஸை நாட முடியாது. ஆக, பாதிச் சம்பளம் வாங்கியவர், அதைவிடக் குறைவாக வாங்கியவரைவிடக் குறைந்த தொகையோடு நிற்கிறார். மூவரில் இவருக்குத்தான் பெரிய அநியாயம்.

செய்ய வேண்டியவை

நோய் விடுப்பிலும் வருடாந்தர விடுப்பு சேர்ந்துகொண்டே வரும். அதை அந்த எட்டு வாரங்களுக்குள் எடுத்தால், அந்த நாள்களுக்கு விடுமுறைச் சம்பளம் கிடைத்துச் சராசரி உயரும். தேதிகளைச் சம்பளப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நிறுவனம் மறுத்தால் ‘எஸ்.எம்.பி.1’ படிவத்தில் காரணத்தை எழுதி வாங்குங்கள். அலவன்ஸுக்கு விண்ணப்பிக்க அதுவும், மருத்துவச்சி தரும் ‘மேட் பி1’ சான்றிதழும் தேவைப்படும்.

விசாவில் ‘பொதுநிதி கூடாது’ என்று இருப்பதைப் பார்த்து விண்ணப்பிக்கவே தயங்குபவர்கள் உண்டு. தயங்க வேண்டாம். நோய்க்கால ஊதியம், மகப்பேறு ஊதியம், மெட்டர்னிட்டி அலவன்ஸ் மூன்றுமே பொதுநிதிப் பட்டியலில் இல்லை.

உடல்நலக் குறைவுக்குக் கர்ப்பமே காரணம் என்றால் அதையும் மருத்துவச் சான்றில் எழுதி வாங்குங்கள். அந்த விடுப்பைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி பாகுபாடு. ஆனால் பிரசவ வாரத்துக்கு முந்தைய நான்கு வாரங்களில் கர்ப்பம் சார்ந்த காரணத்தால் விடுப்பு எடுத்தால், மகப்பேறு விடுப்பு தானாகவே தொடங்கிவிடும். வேறு நோய்க்கு இந்த விதி கிடையாது.

மாற்று வழி அங்கேயே இருக்கிறது

அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ்., தன் ஊழியர்களுக்கான பணிவிதிகளில் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு வைத்திருக்கிறது. அந்தக் கணக்குக் காலத்தில் ஒருவர் பாதிச் சம்பளத்திலோ சம்பளமின்றியோ நோய் விடுப்பில் இருந்தால், முழு நோய்க்காலச் சம்பளம் வாங்கியதாகவே கருதிச் சராசரி எடுக்க வேண்டும் என்கின்றன அந்த விதிகள். இது அங்கே பணிபுரிபவர்களுக்கு மட்டுமான சலுகை. கடையில் நிற்பவருக்கும் பராமரிப்பு இல்லத்தில் உழைப்பவருக்கும் இல்லை.

நோய் யாரும் கேட்டு வாங்குவதல்ல. நோயுற்ற எட்டு வாரங்களை அளவுகோலாக வைத்து ஒரு தாயின் ஒன்பது மாத வருமானத்தைக் குறைப்பது நியாயமே இல்லை. என்.ஹெச்.எஸ். விதியைப் பிரிட்டன் எல்லாப் பெண்களுக்கும் சட்டமாக்க வேண்டும். அதுவரை, நோய் விடுப்பில் இருக்கும் கர்ப்பிணிகள் தங்கள் எட்டு வாரங்கள் எந்தத் தேதியில் தொடங்குகின்றன என்பதை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.