கடதாசி உறவுகள்

வேய்சன் சோய் என்ற கனடிய எழுத்தாளரின் முதல் நாவலான 'த ஜேட் பியொனி' 1995இல் வெளிவந்தது. அதையொட்டி அவர் வானொலியில் பேசிய பின்னர், முன்பின் அறியாத ஒரு பெண்மணியிடமிருந்து தொலைபேசி வந்தது. உங்கள் தாயாரைக் கண்டேன் என்றார் அவர். அம்மா இறந்து பல வருடங்கள் என்று சோய் சொல்ல, நான் சொல்வது உங்களைப் பெற்ற தாயை என்றாராம்! தான் ஒரு தத்துப்பிள்ளை என்பதை 56 வயதில்தான் அவர் அறிந்துகொண்டார். வன்கூவர் சீனத் தெருவில் பலருக்கும் தெரிந்திருந்த விடயம் அவருக்கு மட்டும் தெரியாது.

இப்படி வாய்மூடி இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சீனர் கனடாவுக்குள் வர 1885இல் தலைவரி 50 டொலர். 1903இல் அது 500 டொலராயிற்று. 1923 முதல் 1947 வரை கதவையே அடைத்துவிட்டார்கள். பிறருடைய பத்திரங்களை விலைக்கு வாங்கி, அந்தப் பெயரிலேயே வந்து சேர்ந்தவர்கள் பலர். வீட்டில் ஒரு முறை, கடதாசியில் வேறொரு முறை. வெளியில் எதையும் சொல்லாதே என்றுதான் பிள்ளைகளை வளர்த்தார்கள். (கடதாசியின் பயம் எத்தகையது என்பதை இதை வாசிக்கும் எவருக்கும் நாம் விளக்கத் தேவையில்லை.) அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2006இல். வரி கட்டியவர்களில் அப்போது உயிரோடிருந்தவர்கள் வெகு சிலர்.

சோயின் நாவலில் 'போ-போ' என்னும் பாட்டிதான் வீட்டின் அரசி. மகனின் இரண்டாம் மனைவியை எல்லாப் பிள்ளைகளும் 'சிறிய தாய்' என்றே அழைக்க வேண்டும் என்பது அவள் கட்டளை. அவள் வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்கும் அதே சட்டந்தான். கடைக்குட்டி செக்-லுங்கிற்கோ சீன உறவுமுறைப் பெயர்கள் மண்டையில் ஏறுவதில்லை. மூளையில்லாதவன் என்று ஏச்சு வாங்குகிறான். பெரியப்பாவும் மாமாவும் ஒரே 'அங்கிள்' ஆகிவிட்ட எமது வீடுகளை நினைத்துச் சிரித்தோம். சிரிப்பு வெகுநேரம் நிற்கவில்லை.

அமெரிக்காவில் சலவைக்கடைக் குடும்பமொன்றில் வளர்ந்தவர் மக்சின் ஹொங் கிங்ஸ்ரன். குடும்பம் பெயரையே அழித்துவிட்ட ஒரு மாமியின் கதையோடு தனது முதல் நூலை (1976) தொடங்கினார். ஆண்வேடமிட்டுப் போருக்குப் போன மூலான் கதையையும் அதில் சேர்த்தார். ஆனால் முதுகில் எழுத்துப் பொறிக்கப்பட்டது தளபதி யுவே ஃபெய்யின் கதையிலே. கிங்ஸ்ரன் அதை மூலானுக்குக் கொடுத்துவிட்டார். வெள்ளையருக்காகப் பழங்கதையைத் திரிக்கிறார் என்று சக எழுத்தாளர் ஃபிராங்க் சின் சீறினார். எமக்கு அப்படித் தோன்றவில்லை. ஏட்டில் படித்துப் பெற்றதல்லவே, அம்மா சொல்லக் கேட்ட கதை. சொல்லுகிற வாய்க்கேற்ப அது மாறத்தான் செய்யும்.

உணவகக் குசினியில் நின்று களைத்த எம்மவர்க்கு ஃபிரெட் வா எழுதிய 'டயமண்ட் கிரில்' (1996) பிடிக்கும். நெல்சன் என்ற சிற்றூரில் தகப்பன் நடத்திய உணவகம் அது. குசினிக்கும் முன்கூடத்துக்கும் இடையே ஆடும் கதவு. உள்ளே சீனம், வெளியே ஆங்கிலம்.

சோய் 2019இல் காலமானார். அவரது நாவலை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். வளர்ந்த பிள்ளைகள் தாமாகவே வாசிப்பார்கள். ஓர் அத்தியாயத்தையாவது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.