மூன்றே ஆண்டில் முடிந்த ஹைதராபாத் மகளிர் டென்னிஸ்

புது தில்லி: மகளிர் டென்னிஸ் சங்கத்தின் (டபிள்யூ.டி.ஏ.) ஒற்றையர் பட்டத்தை இந்தியப் பெண் ஒருவர் முதன்முதலாக வென்ற நாள் 2005 பிப்ரவரி 12. இடம் ஹைதராபாத். உக்ரைனின் அல்யோனா போண்டாரென்கோவை 6-4, 5-7, 6-3 என்ற செட் கணக்கில் வீழ்த்தி அந்தப் பெருமையைப் பெற்ற சானியா மிர்சாவுக்கு அப்போது வயது 18. அதன் பின்னர் அந்தப் போட்டி ஹைதராபாதில் நடைபெறவே இல்லை.

இந்திய மண்ணில் நடைபெற்ற முதல் டபிள்யூ.டி.ஏ. போட்டி என்ற சிறப்புடன் 2003 பிப்ரவரியில் ஹைதராபாத் ஓபன் தொடங்கியது. பரிசுத் தொகை 1 லட்சத்து 40 ஆயிரம் டாலர். சர்வதேச அளவில் இது சிறிய தொகைதான். எனினும், ஆந்திர மாநிலச் சுற்றுலாத் துறையின் பெயரையே தாங்கி அப்போட்டி நடைபெற்றதற்குப் பின்னணியில் அரசியல் இருந்தது.

சித்தூரிலிருந்து ஹைதராபாதுக்கு...

அப்போதைய முதல்வர் சந்திரபாபு நாயுடு சித்தூர் மாவட்டம் நாராவாரிபல்லியில் பிறந்தவர். திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். தமிழக எல்லையை ஒட்டிய குப்பம் தொகுதியின் பிரதிநிதி. ஹைதராபாதை உலக வரைபடத்தில் இடம்பெறச் செய்வதே அவரது அரசியலின் மையமாக இருந்தது. 2002-இல் தேசிய விளையாட்டுப் போட்டிகளும், 2003-இல் ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டிகளும் அந்நகரில் நடைபெற்றன. டென்னிஸும் அந்த வரிசையில் சேர்ந்தது.

2003 அக்டோபர் 1-ஆம் தேதி திருமலை செல்லும் வழியில், திருப்பதியை அடுத்த அலிபிரியில் நடந்த கண்ணிவெடித் தாக்குதலில் நாயுடு உயிர் தப்பினார். அடுத்த மாதமே பேரவை கலைக்கப்பட்டது. 2004 தேர்தலில் காங்கிரஸ் வென்று, ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி முதல்வரானார். ஆட்சி மாறியதும் போட்டி நின்றுவிடவில்லை, 2005-இலும் நடைபெற்றது. 2006-இல் அதன் இடத்தைப் பெங்களூரு பெற்றது.

சொந்த ஊர் தந்த வாய்ப்பு

முதல் ஆண்டில் தாய்லாந்தின் தமரின் தனசுகர்ன், இரண்டாம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் நிக்கோல் பிராட் பட்டம் வென்றனர். அவ்விரு ஆண்டுகளிலும் "வைல்டு கார்டு' எனப்படும் சிறப்பு அனுமதி பெற்று ஆடிய சானியா, ஒற்றையர் முதல் சுற்றிலேயே தோற்றார். ஆனால், 2004-இல் தென்னாப்பிரிக்காவின் லீசல் ஹூபருடன் இணைந்து இரட்டையர் பட்டம் வென்றார். மறு ஆண்டு ஒற்றையர் பட்டம்.

போட்டியை நடத்தும் ஊர், தனது இளம் வீராங்கனைக்குத் தரவரிசையைக் கடந்து வாய்ப்பளிக்க முடியும் என்பதற்கு இந்த மூன்று ஆண்டுகளே சான்று. போட்டி கைவிட்டுப் போனால் இழப்பது இந்த வாய்ப்பைத்தான்.

மூன்று நகரம், மும்மூன்று முறை

கொல்கத்தாவில் 2005 முதல் 2007 வரையிலும், பெங்களூருவில் 2006 முதல் 2008 வரையிலும் டபிள்யூ.டி.ஏ. போட்டிகள் நடைபெற்றன. மூன்று நகரங்களிலும் ஆயுள் மூன்று ஆண்டுகளே. 2008-இல் 6 லட்சம் டாலர் பரிசுடன் நடந்த பெங்களூரு போட்டியில் செரீனா வில்லியம்ஸே பட்டம் வென்றார். அதுவே அங்கு கடைசி. புணே, மும்பையில் சிறிய நிலைப் போட்டிகள் நடைபெற்றபோதிலும், முழுநிலைப் போட்டி 2022-இல் சென்னையில்தான் மீண்டும் நடைபெற்றது. இடைவெளி 14 ஆண்டுகள்.

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணைப்படி விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆகவே, மைதானமும் நிதியும் பெரிதும் மாநில அரசின் விருப்பத்தையும், விளம்பரதாரரின் தயவையும் சார்ந்துள்ளன. இவற்றில் ஒன்று விலகினாலும் போட்டி வேறு ஊருக்குப் போய்விடும். 1997 முதல் 2017 வரை சென்னையில் வேரூன்றியிருந்த ஆடவர் போட்டியே புணேவுக்குச் சென்றதைத் தமிழக ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

யாருக்குச் சொந்தம்?

2014-இல் மாநிலம் பிரிந்தபோது ஹைதராபாத் தெலங்கானாவுக்குச் சென்றது. அந்நகரின் மைதானங்களும் அவற்றின் வரலாறும் அதனுடனேயே சென்றன. 2024-இல் நாயுடு மீண்டும் ஆந்திர முதல்வரானார். அவர் பிறந்த கிராமம் இப்போது திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. திருப்பதியிலோ சித்தூரிலோ மட்டை பிடிக்கும் ஒரு சிறுமிக்கு இன்று ஹைதராபாதைவிடச் சென்னையே அருகில் உள்ளது.

அந்தச் சென்னைப் போட்டியும் 2023, 2024-ஆம் ஆண்டுகளில் நடைபெறவில்லை. 2025-இல்தான் மீண்டும் நடைபெற்றது. 2023 மார்ச்சில் சானியா தமது விடைபெறும் ஆட்டத்தை ஆடுவதற்குத் தேர்ந்தெடுத்தது ஹைதராபாத் லால் பகதூர் டென்னிஸ் மைதானத்தைத்தான். சொந்த ஊரில் ஆடிய மூன்று போட்டிகள் அவரை உருவாக்கின. அடுத்த வீராங்கனைக்கு, அடுத்தடுத்து மூன்று ஆண்டுகளாவது போட்டியை நடத்தப்போகும் அரசு எது என்பதே கேள்வி.