சென்னை – மதுரை: டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரமா?

அக்டோபர் கடைசி ஞாயிறன்று விமான நிறுவனங்களின் குளிர்கால அட்டவணை தொடங்குகிறது. பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் இப்போதே சென்னை – மதுரை டிக்கெட் தேடுகிறார்கள். வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி: வானில் ஒரு மணி நேரம்கூட ஆகாத பயணத்துக்கு, டிக்கெட்டில் ஏன் ஒன்றேகால் மணி நேரம் போடுகிறார்கள்?

தூரத்தில் குழப்பமில்லை. 415 கி.மீ., 258 மைல், 224 நாட்டிக்கல் மைல் மூன்றும் ஒன்றுதான். எல்லாமே நேர்கோட்டுக் கணக்கு. சென்னையில் கடல் பக்கமாக எழும்பும் விமானம் தென்மேற்கே இருக்கும் மதுரைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதால், உண்மையில் பறப்பது இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

நேரம்தான் சிக்கல். நிறுத்துமிடத்தை விட்டு விமானம் நகர்வதிலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்பது வரையிலான 'பிளாக் டைம்'தான் டிக்கெட்டில் அச்சாகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்க அனுமதி கிடைக்கும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். சென்னையின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. நெரிசல் நேரத்தில் காத்திருக்கத்தான் வேண்டும். ஆகவே ஓரளவு கூடுதல் நேரம் நியாயமே.

அந்த அளவை முடிவு செய்வது நிறுவனம் என்பதுதான் உறுத்துகிறது. ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் போய்வருகிறது. ஒவ்வொரு பயணத்திலும் பத்து நிமிடம் கூட்டிப் போட்டால், காலையில் ஏற்பட்ட தாமதம் மாலைக்குள் காகிதத்தில் கரைந்துவிடும். போதாக்குறைக்கு, 15 நிமிடம் வரை தாமதித்தாலும் அது 'சரியான நேரம்' என்றே கணக்கு. விமானம் வேகமாகப் பறக்கவில்லை, அட்டவணைதான் நீண்டிருக்கிறது. நேரந்தவறாமை 90 சதவீதம் என்று ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தால், எந்த அட்டவணையை வைத்து என்று கேட்க வேண்டும்.

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் மாதந்தோறும் வெளியிடும் நேரந்தவறாமைப் பட்டியலும் பெருநகர விமான நிலையங்களை வைத்தே கணக்கிடப்படுகிறது. மதுரைப் பயணிக்கு அதனால் பெரிய பயனில்லை. வழித்தடவாரியாக, விமானம் உண்மையில் வந்துசேர்ந்த நேரத்தை இயக்குநரகம் வெளியிட வேண்டும்.

இதே பிளாக் டைம் பயணிக்குச் சாதகமாகும் இடமும் உண்டு. முன்னறிவிப்பின்றி, நிறுவனத்தின் காரணத்தால் விமானம் ரத்தானால் இழப்பீட்டுக்கு இதுவே அளவுகோல்: ஒரு மணி நேரம் வரை 5,000 ரூபாய், அதற்கு மேல் இரண்டு மணி வரை 7,500, அதையும் தாண்டினால் 10,000. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் கிடைக்கும்.

இன்னும் சில கேள்விகள். சுழல்விசிறியால் பறக்கும் ஏடிஆர் விமானமா, ஜெட்டா? ஏறி இறங்கவே பாதி நேரம் போய்விடுவதால், இந்தத் தூரத்தில் ஜெட் மிச்சப்படுத்துவது ஏறக்குறைய கால் மணி நேரம்.

தாமதமானால் சிற்றுண்டி? இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தர வேண்டும்.

புயல், மூடுபனியால் ரத்தானால்? இழப்பீடு கிடையாது, மாற்று விமானமோ பணமோ கேட்டு வாங்கலாம்.