கல்லும் விண்மீனும் கற்பிக்கும் பாடம்

நம் பங்குகளிலுள்ள பள்ளிப் பிள்ளைகளை அழைத்து, "பூமி தன்னைத் தானே ஒரு முறை சுற்றிவர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று வினவினால், வினா முடியுமுன்னரே விடை வந்துவிடும். "நேற்றிரவு நிலவு எந்த வடிவில் இருந்தது?" என்று வினவினாலோ, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். பாடநூலில் உள்ள வானத்தை அவர்கள் அறிவர். தம் வீட்டுக் கூரைக்கு மேலுள்ள வானத்தை அறியார். நிலவியலும் அவ்வாறே. பாறை வகைகளை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளை, தான் அன்றாடம் ஏறி விளையாடும் பாறையின் பெயரை அறியாது. இக்குறையைப் போக்குதற்கு இறைவன் நமக்கு அருகிலேயே ஓர் இடத்தை அமைத்துத் தந்துள்ளார். ஏற்காட்டைத் தன் மடியில் தாங்கி நிற்கும் சேர்வராயன் மலையே அது.

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பேருந்தில் செல்லும் பிள்ளைகள் வளைவுகளை எண்ணி மகிழ்வர். அதே பயணத்தில் மூன்று நிறங்களை எண்ணுமாறு அவர்களுக்குச் சொல்லிப் பாருங்கள். மலையடிவாரத்தில் வெண்மை, பாதையின் இருமருங்கிலும் கருமை, உச்சியில் செம்மை. இம்மூன்றும் நிலவியலின் மூன்று பாடங்களாம்.

அடிவாரத்து வெண்மை மேக்னசைட் என்னும் கனிமத்தினது. மக்னீசியம் மிகுந்த பழம்பாறை மாறுதலடைந்து, அதன் வெடிப்புகளில் வெண்ணிற நரம்புகளாக இது படிந்துள்ளது. கடும் வெப்பத்தைத் தாங்குவதால், உருக்கு உலைகளின் உட்சுவருக்கான செங்கல் செய்ய இது பயன்படுகிறது.

மலைப்பாதையில் வெட்டுண்டு நிற்கும் கரும்பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். அப்பெயரின் வரலாறு சுவையானது. ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி கல்கத்தாவில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறைக் கல் சென்னைப் பக்கத்துப் பாறையால் ஆனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து அக்கல்லை ஆராய்ந்து, அவ்வகைப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். இன்று உலகெங்கும் நிலவியலார் வழங்கும் அப்பெயர், நம் தமிழகக் கல்லிலிருந்து பிறந்ததாகும்.

பூமியின் மேலோட்டில் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை இது. மேலே இருந்தவை யுக யுகமாய்த் தேய்ந்து நீங்கவே, ஆழத்தில் கிடந்தது இன்று மலையாக நிற்கிறது. இதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். இத்தகைய எண் பிள்ளைகளின் மனத்தில் எளிதில் பதியாது. ஆகவே அந்த 250 கோடி ஆண்டுகளையும் ஒரே ஆண்டாகச் சுருக்கிச் சொல்லுவோம். சனவரி முதல் நாளில் பாறை உருவாயிற்று என்று கொண்டால், டைனோசர் எனப்படும் மாபெரும் விலங்குகள் அழிந்தது டிசம்பர் 22 அளவில். மனித இனம் தோன்றியது டிசம்பர் 31 இரவு பதினொரு மணி அளவில். நம் ஆண்டவர் பெத்லகேமில் பிறந்து இன்றுவரை கழிந்த காலமோ, அந்நாளின் கடைசி இருபத்தைந்து நொடிகளே. இக்கணக்கைப் பாறையின்மீது கைவைத்துக்கொண்டே சொல்லக் கேட்ட பிள்ளை, எளிதில் அதனை மறவாது.

உச்சியில் காணும் செம்மை பாக்சைட்டைச் சார்ந்தது. வெயிலும் மழையும் எண்ணற்ற ஆண்டுகளாகப் பாறையை அரித்து, கரையக் கூடியவற்றைக் கரைத்துக் கொண்டு போக, எஞ்சி நின்ற அலுமினியத் தாது அது. முன்னர் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இம்மலையிலிருந்து பாக்சைட் வெட்டி எடுத்துச் சென்றனர். வீட்டுச் சமையற்கட்டிலுள்ள அலுமினியப் பாத்திரமும் ஒரு காலத்தில் ஏதோவொரு மலையின் செம்மண்ணாய் இருந்தது என்பதைப் பிள்ளைகள் உணர்ந்தால், மலையை வெட்டுவதால் வரும் ஆக்கமும் இழப்பும் யாவை என்று அவர்களே வினவத் தொடங்குவர்.

இனி வானத்தைப் பார்ப்போம். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நிலத்தில் நேராக நட்ட ஒரு கோல் போதும். ஏற்காடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் உள்ளது. ஆதலால் ஆண்டில் இரு முறை, ஏப்ரல் 21ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும், நண்பகற் கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறான். அப்போது கோலுக்கு நிழலே இராது. அவ்வேளை கடிகாரத்தில் பன்னிரண்டு மணியாக இருப்பதில்லை. பன்னிரண்டேகாலை ஒட்டியே நிழல் மறையும். இந்திய நேரம், நமக்குக் கிழக்கேயுள்ள 82½ பாகைத் தீர்க்கக் கோட்டைக் கொண்டு கணிக்கப்படுவதே இதற்குக் காரணம். அவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஏனைய மாதங்களில் வடக்கே விழும். பூமியின் அச்சு சாய்ந்துள்ளது என்ற ஒரு வரியை ஓராண்டு முழுவதும் ஒரு கோல் விளக்கிச் சொல்லும்.

இரவுக்கு ஒரு கோணமானி, சிறிது நூல், ஒரு கூழாங்கல் போதும். கோணமானியின் நடுவில் நூலைக் கட்டிக் கல்லைத் தொங்கவிட்டு, அதன் நேர்விளிம்பு வழியே துருவ விண்மீனை நோக்க வேண்டும். 90 பாகைக் கோட்டிலிருந்து நூல் எத்தனை பாகை விலகுகிறதோ, அதுவே விண்மீனின் உயரம். அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ அதுவே. வடக்கே மலை மறைக்காத இடத்தில் நின்றால் ஏற்காட்டில் 12 பாகை வரும். கன்னியாகுமரியில் 8, தில்லியில் 28½. பூமி உருண்டை என்பதைப் பிள்ளை பிறர் சொல்லக் கேட்காமல் தானே அளந்து அறியும்.

ஏப்ரல், மே மாதங்களில் முன்னிரவு கடந்தபின் தெற்கே திரும்பினால், தாழ்ந்த வானில் தென்சிலுவை தோன்றும். அதன் கிழக்கே ஒளிரும் இரு விண்மீன்களுள் மிகுந்த ஒளியுடையது ஆல்பா செண்டாரி. கதிரவனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் குடும்பம் அது. அதன் ஒளி நம்மை வந்தடைய 4 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பத்தாம் வகுப்பு மாணவி இன்றிரவு காணும் ஒளி, அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது புறப்பட்டதாம்! அவ்விண்மீன் ஒன்றன்று, இரண்டு என்பதை 1689 டிசம்பரில் புதுச்சேரியில் தொலைநோக்கி வழியாகக் கண்டறிந்தவர் ஜான் ரிஷோ என்ற சேசு சபைக் குருவானவர். வால்மீன் ஒன்றை நோக்கிக் கொண்டிருந்தபோது அவர் இதனைக் கண்டார்.

அறிவியல் படித்தால் பிள்ளைகளின் விசுவாசம் தளருமோ என அஞ்சும் பெற்றோர் இன்றும் உளர். அவர்கள் முத்திப்பேறு பெற்ற நீல்ஸ் ஸ்டென்சனை நினைவு கூர்வார்களாக. ஒரு கல்லின் வரலாற்றை அக்கல்லைக் கொண்டே படிக்கலாம் என்ற நெறியை 1669இல் வகுத்து, நிலவியலுக்கு அடித்தளமிட்டவர் அவர். பின்னர்க் குருவாகவும் ஆயராகவும் பணியாற்றினார். 1988இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். கலிலேயோவுக்கு 1633இல் வழங்கப்பட்ட தீர்ப்பையும் நாம் பிள்ளைகளிடம் மறைத்தல் ஆகாது. அவருக்குத் தீர்ப்பளித்தோர் தவறினர் என்பதை 1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். உண்மைக்கு உண்மை பகையாகாது.

விசுவாசத்துக்கு ஊறு செய்வது அறிவன்று, வீண் அச்சமே. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், திருச்சி வழியாகக் கங்கணக் கிரகணம் கடந்து சென்றது. சேலம் பகுதியிலும் கதிரவனின் பெரும்பகுதி மறைந்தது. அரிய அக்காட்சியைக் காணவிடாமல் கதவடைத்துப் பிள்ளைகளை உள்ளே வைத்த வீடுகள் பல. அவற்றுள் நம் வீடுகளும் இருந்தன. கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்தல் கூடாது என்பது அறிவுரை. உரிய கண்ணாடி வழியாகவோ, அட்டையில் ஊசித்துளையிட்டு நிழலுருவாகவோ காணலாம். ஆனால் அந்நேரத்தில் உண்பதும் வெளியே நடமாடுவதும் தீங்கு என்பது வெறும் அச்சம்.

ஏற்காட்டில் புகழ்பெற்ற உறைவிடப் பள்ளிகள் உள்ளன. காப்பித் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளும் மலைவாழ் மக்களின் பிள்ளைகளும் பயிலும் சிறு பள்ளிகளும் உள்ளன. முன்னவர்க்குப் பாறையின் பெயர் தெரியும், பாறை தெரியாது. பின்னவர்க்குப் பாறையும் வானமும் நன்கு தெரியும், அவற்றின் பெயர்கள் எட்டவில்லை. இவ்விரு சாராரையும் மாதம் ஓர் இரவு ஒரே திடலில் அமர்த்தினால், ஒருவர்க்கு ஒருவர் ஆசிரியராவர். வடகிழக்கே ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் அங்கே தொடங்கி வைக்கப்பட்டது. அத்தகைய இடத்தில் பணியாற்றும் வாய்ப்பு தோட்டத் தொழிலாளியின் மகளுக்கும் உரியது என்பதை அவளுக்கு யார் சொல்லுவர்?

காலம் தாழ்த்தலும் ஆகாது. லேடீஸ் சீட் பகுதியிலிருந்து இரவில் சேலத்தைப் பார்ப்போர் அதன் விளக்குகளை வியக்கின்றனர். அவ்வொளியே தென்வானின் அடிப்பகுதியை வெளுக்கச் செய்கிறது. தென்சிலுவை நிற்பதும் அப்பகுதியில்தான். மலைமீதும் விடுதிகளின் விளக்குகள் பெருகி வருகின்றன. நம் ஆலயத் திருவிழாச் சரவிளக்குகளும் இதற்கு விலக்கல்ல.

ஆகவே பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. வெளிவிளக்குகளின் ஒளி மேலே பரவாதவாறு மூடியிடுங்கள். வரும் அமாவாசையை ஒட்டிய ஓரிரவில், இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டுப் பிள்ளைகளுடன் முற்றத்தில் அமருங்கள். விண்மீன்களின் பெயர் உங்களுக்குத் தெரியவில்லையெனில் வெட்கம் வேண்டா. "எனக்கும் தெரியாது, சேர்ந்து கண்டறிவோம்" என்று தந்தை சொல்லும்போது, பிள்ளை கற்கத் தொடங்கிவிடும்.